கேரவன் மின்கல மின்னேற்ற அமைப்பு: பிரித்தானிய வரலாறு

காரின் பின்னால் இழுத்துச் செல்லப்படும் வீட்டுவண்டியில் விளக்கு, நீரிறைப்பான், வெப்பமூட்டியின் விசிறி போன்றவற்றை 12 வோல்ட் மின்கலம் (பேட்டரி) இயக்குகிறது. அந்த மின்கலத்துக்கு மின்சாரம் ஏற்றும் கம்பிகள், ரிலேக்கள், மின்னேற்றிகள் ஆகியவற்றின் தொகுப்பே கேரவன் மின்கல மின்னேற்ற அமைப்பு. தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய வண்டி நினைவுக்கு வரும். பிரித்தானியாவில் அச்சொல் பெரும்பாலும் இயந்திரம் இல்லாத, காரால் இழுக்கப்படும் சிறு வீட்டைக் குறிக்கும். விடுமுறைப் பயணத்துக்கு இதைப் பயன்படுத்துவோர் பலர். இதிலேயே நீண்ட காலம் வசிப்போரும் உண்டு.

இந்த மின்கலத்தை ஆங்கிலத்தில் 'லீஷர் பேட்டரி' என்பர். காரின் இயந்திரத்தைக் கிளப்பும் மின்கலத்திலிருந்து இது வேறானது. இது இறங்கிப்போனால் விளக்கு மட்டும் அணைவதில்லை. குழாயில் நீர் வராது. வெப்பமூட்டியில் எரிவாயு இருந்தும் அதைப் பற்றவைக்கும் பொறியும் விசிறியும் இயங்கா. குளிர்கால இரவில் இது சிறிய குறை அன்று.

இவ்வமைப்பின் வரலாற்றில் ஒரு பொதுப்போக்கைக் காணலாம். கேரவனில் வசதிகள் பெருகியபோதும் இழுக்கும் காரின் தொழில்நுட்பம் மாறியபோதும் முந்தைய காலத்துக்கென வகுத்த மின்சுற்று போதாமல் போனது. பழுதின் இடம் மின்கலத்திலிருந்து கம்பிக்கும், கம்பியிலிருந்து மின்னேற்றிக்கும், பின்னர் காருக்கும் நகர்ந்தது. உரிமையாளர்களோ பெரும்பாலும் மின்கலத்தையே குறை கூறினர். ஆகவே ஒரு கேரவனின் மின்னேற்றப் பழுதைக் கண்டறிய, அதன் மின்சுற்று எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

மின்சாரம் இல்லாத காலம்

பொழுதுபோக்குக் கேரவனின் முன்னோடியாகக் கருதப்படுவது 'வாண்டரர்' என்னும் குதிரை வண்டி. கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் இதனை 1885இல் பிரிஸ்டல் வேகன் வொர்க்ஸ் நிறுவனத்தில் செய்வித்தார். அதில் மின்சாரத்துக்கு வேலை இருக்கவில்லை. 1907இல் கேரவன் கிளப் தொடங்கப்பட்டபோதும் வண்டிகள் குதிரையால் இழுக்கப்பட்டன, எண்ணெய் விளக்கால் ஒளியூட்டப்பட்டன.

1919இல் பர்மிங்காமைச் சேர்ந்த எக்கிள்ஸ் நிறுவனம் காரால் இழுக்கப்படும் கேரவன்களை உருவாக்கத் தொடங்கியது. அதற்குள் மின்கலம் கார்களுக்குள் நுழைந்துவிட்டிருந்தது. ஈய-அமில மின்கலத்தை பிரான்சின் கஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டுபிடித்தார். 1881இல் கமீல் ஃபோர் ஈயத் தகடுகளில் ஈய ஆக்சைடுப் பசையைப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். இதனால் மின்கலத்தின் கொள்ளளவு உயர்ந்து வணிக உற்பத்தி எளிதாயிற்று. 1912இல் காடிலாக் கார்களில் மின்சாரக் கிளப்பி வந்தபின், மின்கலமும் அதற்கு மின்னேற்றும் டைனமோவும் காரின் நிலையான உறுப்புகளாயின.

ஆனால் கேரவனுக்குள் எரிவாயுவே நெடுங்காலம் கோலோச்சியது. 1935இல் காலர் கேஸ் நிறுவனம் உருளையில் அடைத்த எரிவாயுவை விற்கத் தொடங்கியது. சமையலுக்கும், வெப்பத்துக்கும், வலைத்திரி பொருத்திய எரிவாயு விளக்குக்கும் ஒரே உருளை போதுமாயிருந்தது. 1940களின் இறுதியில் சாம் ஆல்ப்பர் உருவாக்கிய 'ஸ்பிரைட்' போன்ற மலிவுக் கேரவன்கள் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டின. அவற்றிலும் எரிவாயு விளக்கே முதன்மையாக இருந்தது.

எரிவாயு விளக்கு காற்றிலுள்ள ஆக்சிசனை எடுத்துக்கொள்ளும். காற்றோட்டம் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு சேரும். மெல்லிய வலைத்திரி பயண அதிர்வில் உடையும். இக்குறைகள் மின்விளக்கை நோக்கி மக்களைத் திருப்பின.

காரின் மின்கலத்தைப் பகிர்ந்த காலம்

முதலில் தனி மின்கலம் வைக்கப்படவில்லை. காருக்கும் கேரவனுக்கும் இடையிலான ஏழு முனைச் சாக்கெட்டின் வழியாகக் காரின் மின்கலத்திலிருந்தே உள்விளக்குக்கு மின்சாரம் எடுக்கப்பட்டது. மாலை முழுதும் விளக்கெரிந்தால் காலையில் கார் கிளம்பாது. அக்காலத்துப் பழுது இதுவே. அதற்குக் காரணத்தைத் தேட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இதற்குத் தீர்வாகக் கேரவனுக்குள் இரண்டாவது மின்கலம் வந்தது. கார் மின்கலத்தின் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் மிகுந்தவை. சில நொடிகளுக்கு மிகுந்த மின்னோட்டம் தந்து, உடனே மீண்டும் நிரம்புவதற்கேற்ற அமைப்பு அது. அதனை மணிக்கணக்கில் மெல்ல வடியவிட்டுப் பின்னர் நிரப்பினால் விரைவில் கெடும். கேரவன் மின்கலத்துக்குத் தடித்த தகடுகள் தேவைப்பட்டன. அவ்வாறு செய்தும், ஈய-அமில மின்கலத்தின் கொள்ளளவில் பாதிக்கு மேல் அடிக்கடி பயன்படுத்தினால் அதன் ஆயுள் குறையும். 110 ஆம்பியர்-மணி மின்கலத்தில் ஏறத்தாழ 55 ஆம்பியர்-மணியே நடைமுறைக் கணக்கு.

இரண்டாவது மின்கலத்துக்கு மின்னேற்றுவது புதிய சிக்கலாயிற்று. டைனமோவின் ஆற்றல் குறைவு. 1950களில் பரவலாக இருந்த லூகாஸ் டைனமோக்கள் ஏறத்தாழ 20 ஆம்பியரே தந்தன. கார் மெதுவாகச் சென்றால் அதுவும் கிடைக்காது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960இல் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. பிரித்தானியக் கார்களில் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஆல்டர்னேட்டர் பரவியது. இயந்திரம் மெல்ல ஓடும்போதும் அது மின்சாரம் தந்தது. 14 வோல்ட்டுக்குச் சற்று மேற்பட்ட நிலையான மின்னழுத்தத்தையும் அளித்தது. கேரவன் மின்கலத்தை ஓடும்போதே நிரப்பலாம் என்ற நம்பிக்கை இதன் பின்னரே உறுதியானது.

பிரிப்பு ரிலேவும் இரண்டாவது சாக்கெட்டும்

இரு மின்கலங்களையும் எப்போதும் இணைத்து வைத்தால் ஒன்று மற்றொன்றை வடியச் செய்யும். எனவே இயந்திரம் ஓடும்போது மட்டும் அவற்றை இணைக்கும் ரிலே பயன்பாட்டுக்கு வந்தது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கியதும் ரிலே மூடிக்கொள்ளும். இயந்திரம் நின்றால் திறந்துகொள்ளும். சில வண்டிகளிலும் படகுகளிலும் ரிலேக்குப் பதில் டையோடு பயன்பட்டது. டையோடு ஏறத்தாழ 0.7 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும் என்பதால் மின்கலம் முழுதாக நிரம்பவில்லை.

பின்புற மூடுபனி விளக்கும் சேர்ந்தபின், '12என்' எனப்படும் முதல் சாக்கெட்டின் ஏழு முனைகளும் சாலை விளக்குகளுக்கே போய்விட்டன. கேரவனின் உள்வசதிகளுக்கென '12எஸ்' என்ற இரண்டாவது சாக்கெட் வழக்குக்கு வந்தது. முதலாவது கறுப்பு, இரண்டாவது சாம்பல் அல்லது வெள்ளை நிறம். மின்னேற்றமும் குளிர்சாதனப் பெட்டிக்கான மின்சாரமும் இரண்டாவதன் வழியே சென்றன.

இந்தக் குளிர்சாதனப் பெட்டிக்குத் தனி வரலாறு உண்டு. சுவீடனின் பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகியோர் 1922இல் மாணவராக இருந்தபோது வெப்பத்தைக் கொண்டே குளிரூட்டும் முறையை வகுத்தனர். எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எரிவாயுச் சுடர், வீட்டு மின்சாரம், 12 வோல்ட் ஆகிய மூன்றாலும் இயங்கும் வகை கேரவனுக்கு ஏற்றதாயிற்று. ஆனால் 12 வோல்ட்டில் அதன் வெப்பக்கம்பி ஏறத்தாழ 10 ஆம்பியர் எடுக்கும். கேரவன் மின்கலத்தால் அதைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. எனவே இயந்திரம் ஓடும்போது மட்டுமே அதற்கு 12 வோல்ட் தரப்பட்டது.

1998 மாற்றம்

1998 செப்டம்பர் முதல் தயாரான கேரவன்களில் ஐரோப்பியத் தரத்தை ஒட்டி '12எஸ்' சாக்கெட்டின் முனைப் பங்கீடு மாறியது. அதுவரை 2ஆம் முனை மின்னேற்றத்துக்கும் 4ஆம் முனை உள்விளக்குகளுக்கான நிலையான மின்சாரத்துக்கும் இருந்தன. புதிய முறையில் 2ஆம் முனை விடுபட்டது. 4ஆம் முனையே மின்னேற்றத்தையும் ஏற்றது. கார் ஓடும்போது உள்விளக்குச் சுற்றைத் துண்டித்து மின்கலத்தை மின்னேற்றத்துக்கு மாற்றும் ரிலே கேரவனுக்குள் வைக்கப்பட்டது.

இந்த ரிலேயை இயக்கும் மின்சாரம் குளிர்சாதனப் பெட்டிக்கான 6ஆம் முனையிலிருந்து வருவது வழக்கம். இதிலிருந்து ஒரு புதிய வகைப் பழுது பிறந்தது. காரில் குளிர்சாதனப் பெட்டிக்கான கம்பி இணைக்கப்படாவிட்டாலோ அதன் உருகி (ஃபியூஸ்) போயிருந்தாலோ கேரவனின் ரிலே இயங்காது. மின்கலத்துக்கான கம்பியில் 12 வோல்ட் இருந்தும் மின்கலம் நிரம்பாது. மின்கலத்தை எத்தனை முறை மாற்றினாலும் இப்பழுது தீராது. பழைய முறையில் கம்பியிட்ட காரையும் புதிய கேரவனையும் இணைத்தவர்கள் இதனைப் பரவலாக எதிர்கொண்டனர்.

2008ஐ ஒட்டிப் பிரித்தானியக் கேரவன்கள் இரு சாக்கெட்டுகளுக்குப் பதில் 13 முனை கொண்ட ஒரே சாக்கெட்டுக்கு மாறின. இதில் 9ஆம் முனை நிலையான மின்சாரத்துக்கும், 10ஆம் முனை இயந்திரம் ஓடும்போதான மின்சாரத்துக்கும் உரியவை. 13ஆம் முனை 9ஆம் முனையின் திரும்புகம்பி, 11ஆம் முனை 10ஆம் முனையின் திரும்புகம்பி. முனைகளின் எண் மாறியது. குளிர்சாதனப் பெட்டியின் மின்சாரமே மின்னேற்ற ரிலேயையும் இயக்கும் ஏற்பாடு தொடர்ந்தது.

கம்பியில் ஏற்படும் இழப்பு

இணைப்பு சரியாக இருந்தும் மின்கலம் நிரம்பாத நிலை உண்டு. காரின் முன்பகுதியிலிருந்து கேரவனின் மின்கலப் பெட்டி வரை கம்பி 8 மீட்டர் என்று கொள்வோம். போகவும் வரவும் 16 மீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் கொண்ட செப்புக்கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.007 ஓம். மொத்தம் 0.11 ஓம். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 1.1 வோல்ட் கம்பியிலேயே இழப்பாகும். ஆல்டர்னேட்டரில் 14.2 வோல்ட் இருந்தாலும் மின்கலத்தை எட்டுவது 13.1 வோல்ட்தான். செருகியின் முனைகளில் பாசி பிடித்திருந்தால் இழப்பு மேலும் கூடும். மின்கலம் நிரம்பி மின்னோட்டம் குறையக் குறைய இழப்பும் குறையும் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன் பயணம் முடிந்துவிடும்.

பழுதறிவோர் கடைப்பிடித்து வந்த முறை எளியது. முதலில் மின்கலத்தைச் சில மணி நேரம் ஓய்வாக விட்டு மல்ட்டிமீட்டரால் அளக்க வேண்டும். 12.7 வோல்ட் என்றால் முழுமை, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 11.8 அளவு என்றால் வெறுமை. பின்னர் காரை இயக்கி, கார் மின்கலம், காரின் சாக்கெட், கேரவன் மின்கலம் என ஒவ்வோர் இடமாக அளக்க வேண்டும். எந்த இரண்டு இடங்களுக்கிடையே மின்னழுத்தம் பெரிதும் குறைகிறதோ அங்கேதான் பழுது. இதனை விளக்கோ குளிர்சாதனப் பெட்டியோ இயங்கும்போதே செய்வது இன்றியமையாதது. மின்னோட்டம் இல்லாதபோது துருப்பிடித்த இணைப்பும் முழு மின்னழுத்தத்தைக் காட்டி ஏமாற்றும். திரும்புகம்பியையும் அளக்க வேண்டும், பழுதுகளில் கணிசமானவை அங்கேயே இருக்கும்.

நிலை மின்னேற்றியிலிருந்து படிநிலை மின்னேற்றிக்கு

முகாம்களில் 230 வோல்ட் இணைப்பு பரவியபின் கேரவனுக்குள்ளேயே மின்னேற்றி இடம்பெற்றது. 1980களில் பல பிரித்தானியக் கேரவன்களில் 'ஜிக்' என்ற பெயர் கொண்ட கட்டுப்பாட்டுப் பலகை இருந்தது. மின்கலத்தின் நிலையைக் காட்டும் முள், விளக்குக்கும் நீரிறைப்பானுக்குமான விசைகள், மின்னேற்றி ஆகியன ஒருங்கே அமைந்திருந்தன.

அக்கால மின்னேற்றிகள் பலவும் 13.8 வோல்ட் என்ற ஒரே மின்னழுத்தத்தைத் தந்தன. இது ஒரு சமரசம். ஈய-அமில மின்கலம் விரைவாகவும் முழுமையாகவும் நிரம்ப 14.4 வோல்ட் அளவு தேவை. ஆனால் அந்த அளவில் வாரக்கணக்கில் விட்டால் உள்ளிருக்கும் நீர் ஹைட்ரசனாகவும் ஆக்சிசனாகவும் பிரிந்து வெளியேறும். ஹைட்ரசன் தீப்பொறி பட்டால் வெடிக்கும். மின்கலப் பெட்டிக்கு வெளிக்காற்றுத் துளை வைப்பதன் காரணம் இதுவே. 13.8 வோல்ட்டில் ஆபத்துக் குறைவு. எனினும் மின்கலம் முழுமையடைய நெடுநேரம் ஆகும். முழுமையடையாமலே பயன்பட்டுவரும் மின்கலத்தின் தகடுகளில் ஈயச் சல்பேட்டுப் படிகங்கள் இறுகும். அப்பகுதி மீண்டும் மின்சாரத்தை ஏற்காது. 'புது மின்கலம் இரண்டே ஆண்டில் போய்விட்டது' என்ற குறைக்குப் பின்னால் பல நேரம் இருந்தது இந்த அரைகுறை நிரப்பலே.

பின்னர் வந்த மின்னணு மின்னேற்றிகள் இவ்வேலையைப் படிகளாகப் பிரித்தன. முதலில் மிகுந்த மின்னோட்டத்தில் நிரப்பும். பிறகு 14.4 வோல்ட் அளவில் நிறுத்தி முழுமையாக்கும். கடைசியில் 13.5 வோல்ட்டை ஒட்டிய தாழ்நிலைக்கு இறங்கிப் பேணும். பழைய கேரவன்களில் செய்யப்பட்ட மேம்பாடுகளில் பயன் மிகுந்தவற்றுள் ஒன்று, 13.8 வோல்ட் மின்னேற்றியை எடுத்துவிட்டு இதனைப் பொருத்தியது.

மின்கலத்தின் மேல் ஒட்டப்பட்ட கொள்ளளவு எண்ணும் நம்பகமானதாக இருக்கவில்லை. குறிப்பிட்ட ஆம்பியர்-மணியைத் தராத மின்கலங்கள் விற்பனையில் இருந்தன. பிரித்தானியாவின் தேசிய கேரவன் மன்றம் மின்கலங்களைச் சோதித்து, பயன்பாட்டுக்கேற்ப ஏ, பி, சி என வகைப்படுத்தும் சான்றிதழ்த் திட்டத்தை நடைமுறைப்படுத்தியது. மின் இணைப்பின்றித் தங்குவோர்க்கு ஏ வகை, இணைப்பு இருந்தும் மின்னோட்டம் மிகுந்த கருவிகளைப் பயன்படுத்துவோர்க்கு பி வகை, அடிப்படைத் தேவைக்கு சி வகை.

புதிய கார்களும் பழைய ரிலேவும்

2007இல் பி.எம்.டபிள்யூ நிறுவனம் வேகத்தைக் குறைக்கும்போது வீணாகும் ஆற்றலைக் கொண்டு மின்கலத்தை நிரப்பும் முறையைத் தன் கார்களில் கொண்டுவந்தது. ஐரோப்பாவின் யூரோ 6 மாசு விதி 2015 செப்டம்பரில் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களுக்கும் பொருந்தியது. எரிபொருளைச் சேமிக்கும் இத்தகைய ஆல்டர்னேட்டர்கள் அதற்குள் பரவலாகிவிட்டன.

இவை 14 வோல்ட்டை எப்போதும் தருவதில்லை. காரின் மின்கலம் போதிய அளவு நிரம்பியதும் மின்னழுத்தத்தை 12.5 வோல்ட்டை ஒட்டித் தாழ்த்திவிடும். வேகம் குறையும்போது திடீரென 15 வோல்ட் வரை உயர்த்தும். மின்னழுத்தத்தைப் பார்த்து மூடும் பிரிப்பு ரிலே, இயந்திரம் நின்றுவிட்டது என்று கொண்டு திறந்துகொள்ளும். திறக்காவிட்டாலும் 12.5 வோல்ட்டில் கேரவன் மின்கலம் நிரம்பாது. ஐந்து மணி நேரம் ஓட்டிச் சென்றவர் முகாமை அடைந்தபோது மின்கலம் கிளம்பியபோது இருந்த நிலையிலேயே இருந்தது. காரிலும் பழுதில்லை, கேரவனிலும் பழுதில்லை. இரண்டும் இரு வேறு காலங்களைச் சேர்ந்தவை.

இதற்கான தீர்வு நேர்மின் மின்னேற்றி. இது காரிலிருந்து வரும் ஏற்ற இறக்கமான மின்சாரத்தை வாங்கி, மின்கலத்துக்கு வேண்டிய மின்னழுத்தத்தில் படிநிலையாகத் தரும். கேரவன் மின்கலத்துக்கு அருகிலேயே இதனைப் பொருத்துவதால் கம்பியின் இழப்பும் ஈடுசெய்யப்படுகிறது. ஆயினும் இது ஆற்றலை உருவாக்குவதில்லை. 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் வாங்கினால் 14.4 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவாகவே தர இயலும். 13 முனைச் செருகியின் மின்னேற்றக் கம்பிக்குப் பொதுவாக 15 முதல் 20 ஆம்பியர் ஃபியூஸே இருக்கும். 30 ஆம்பியர் மின்னேற்றியை அதில் மாட்டினால் ஃபியூஸ் போகும் அல்லது செருகி சூடேறும். அத்தகைய மேம்பாட்டுக்குத் தனித் தடித்த கம்பியும் தனிச் செருகியும் தேவை.

லித்தியம், சூரியத் தகடு, எல்.இ.டி.

ஜான் குட்இனஃப் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டின் பயனை வெளிப்படுத்தினர். அதனைக் கொண்டு செய்த மின்கலம் 3.2 வோல்ட் கலங்கள் நான்கைத் தொடராக இணைத்து 12.8 வோல்ட் தருகிறது. எடை ஈய மின்கலத்தில் பாதிக்கும் குறைவு. கொள்ளளவின் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம்.

இதுவும் பழைய மின்சுற்றோடு முரண்பட்டது. இதன் அகத்தடை மிகக் குறைவாதலால் நேரடியாக இணைத்தால் கம்பிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் தாங்காத மின்னோட்டத்தை இழுக்கும். உறைநிலைக்குக் கீழ் மின்னேற்றினால் கெடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பகுதி நேரம் இதன் மின்னழுத்தம் ஏறத்தாழ மாறாமல் நிற்பதால், வோல்ட்டைப் பார்த்து இருப்பைக் கணிக்கும் பழைய வழி பயன்படாது. உள்ளே சென்ற, வெளியே வந்த ஆம்பியர்களைக் கூட்டிக் கழித்துக் காட்டும் கருவி தேவைப்படுகிறது.

சூரியத் தகடு வேறொரு வழியைத் திறந்தது. கூரையில் உள்ள 100 வாட் தகடு, கேரவன் நிறுத்தியிருக்கும் மாதங்களில் மின்கலத்தின் இயல்பான வடிதலை ஈடுகட்டி அதன் ஆயுளைக் காக்கிறது. எனினும் பிரித்தானியாவின் குளிர்காலக் குறும்பகலில் அதன் வரவு மிகவும் சுருங்கிவிடும்.

செலவு குறைந்த மேம்பாடு வேறொரு பக்கத்தில் இருந்தது. 10 வாட் ஹாலஜன் விளக்கின் இடத்தில் 2 வாட் எல்.இ.டி. விளக்கு வந்தபோது விளக்குகளின் தேவை ஐந்தில் ஒன்றாயிற்று. ஐந்து ஹாலஜன் விளக்குகள் நான்கு மணி நேரம் எரிய ஏறத்தாழ 17 ஆம்பியர்-மணி தேவை. எல்.இ.டி.யில் அதே ஒளிக்கு 3.5 ஆம்பியர்-மணியே போதும். மின்னேற்ற அமைப்பில் ஒரு கம்பியையும் தொடாமல் கிடைத்த ஆதாயம் இது.

இன்றைய நிலை

இன்று பிரித்தானியச் சாலைகளில் ஓடும் கேரவன்களில் இக்காலங்கள் அனைத்தும் கலந்துள்ளன. 1990களின் கேரவனை 2020களின் கார் இழுக்கிறது, அதில் லித்தியம் மின்கலம் வைக்கப்படுகிறது, மின்னேற்றியோ 13.8 வோல்ட்டில் நிற்கிறது. ஆகவே தேர்ந்த பழுதுநீக்குநர் மின்கலத்தைக் கழற்றும் முன் மூன்று விவரங்களைக் கேட்கிறார்: கேரவனின் ஆண்டு, காரின் ஆண்டு, மின்னேற்றியின் வகை. அதன்பிறகே அளக்கத் தொடங்குகிறார். இவ்வரிசையைப் பின்பற்றினால், நல்ல மின்கலம் ஒன்று காரணமின்றிக் கழிவுக்குப் போவதைப் பல நேரங்களில் தவிர்க்க முடிகிறது.